மாத்திரைக்கு மேலே ஆடிய ருத்ராட்சம்

அந்த வீட்டில் மூன்று மாதமாக எதுவும் நேராக வாய்க்குள் போவதில்லை. காப்பியானாலும் சரி, அவித்த முட்டையானாலும் சரி, முதலில் மெக்கானிக்கின் ருத்ராட்சத்துக்குக் கீழே வந்து நின்று உத்தரவு வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் சட்டைக்குள் கையை விட்டு, சிவப்புக் கயிற்றில் கோத்த அந்த ஒற்றை மணியைக் கழற்றி எடுப்பார். பெரிய நெல்லிக்காய் அளவு, ஐந்து முகம், இரண்டு முனையிலும் பளபளவென்று ஒரு உலோகத் தொப்பி. கயிற்றை இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கி, தட்டுக்கு மேலே தொங்கவிடுவார். மணி கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு சுற்றும். வலப்பக்கம் சுற்றினால் உடம்புக்கு ஆகும். இடப்பக்கம் சுற்றினால் ஆகாது.

காப்பிக்கு வலம். வறுத்த உருளைக்கிழங்குக்கு வலம், அதுவும் கொஞ்சம் அவசரமாக. ஓட்ஸ் கஞ்சிக்கு இடம். பாகற்காய்க்கு இடமோ இடம். அவருடைய அக்கா கொண்டுவரும் கிரீம் கேக்குக்கு வலம். இருபத்திரண்டு வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிற மனைவிக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றுமில்லை. இந்த மணிக்கும் தன் வீட்டுக்காரருக்கும் நாக்கு ஒன்றுதான் என்று அவள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள்.

"ஏங்க, இன்னிக்குப் பாத்திரம் கழுவுறது உங்க முறை. அதுக்கு எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"கிண்டல் பண்ணாத. இது சாப்பாட்டுக்கு மட்டும்தான்."

"அப்படியா? நான் அது முழு நேர வேலைன்னு நினைச்சேன்."

அவளுக்கு ஊரில் மாத்திரையம்மா என்று பெயர். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்பவள். டாக்டரின் கிறுக்கலைப் படித்து, மாத்திரையை எடுத்து, கவர் மேல் காலை, மதியம், இரவு என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பாள். பாதியில் மாத்திரையை நிறுத்தியவர்கள் அவள் கண்ணில் பட்டால் எதிர்ச்சாரிக்கு ஓடிவிடுவார்கள்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் போகிற கிணறு போன்ற அந்த நீண்ட பொந்துக்குள் முப்பது வருடமாக ஏறி இறங்குகிறவர். நான்கு வருடமாக ரத்தக் கொதிப்பு. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. அந்த ஒரு மாத்திரையை அவர் ஒரு அவமானம் போல விழுங்குவார். எவ்வளவு உயரத்திலும் தலை சுற்றாத ஆளுக்குத் தரையில் நிற்கும்போது மாத்திரையா என்று.

ருத்ராட்சம் வந்தது அவருடைய அக்காவிடமிருந்து. அக்கா அழகு நிலையம் வைத்திருக்கிறாள். அங்கே முகத்தில் மாவு பூசிக்கொண்டு படுத்திருக்கிற பெண்கள் பேசுவதுதான் அவளுக்கு மருத்துவக் கல்லூரி. ஒருநாள் மூச்சிரைக்க வந்து தம்பியின் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டாள்.

"என் முட்டியைப் பாருடா. போன வருஷம் படி ஏற முடிஞ்சுதா? இப்பப் பாரு!" என்று அக்கா வரவேற்பறையில் நான்கு முறை உட்கார்ந்து எழுந்து காட்டினாள். "எல்லாம் இந்த மணிதான். நெஞ்சுல பட்டுக்கிட்டே இருக்கணும். ரத்தம் தானா அடங்கிடும்."

மாத்திரையம்மா ஓரமாக நின்று அதைப் பார்த்தாள். நாத்தனாரின் முட்டிக்கு யார் காரணம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மாதம் தவறாமல் நாத்தனார் அவள் கடையில்தான் மூட்டு மாத்திரை வாங்குகிறாள். ஆனால் ஒருவர் வாங்கும் மருந்தை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்பது அந்தக் கடையின் சட்டம். புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை அன்றைக்கு அவள் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள்.

தவிர, மணி மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. சின்ன வயதில் அவள் அப்பாவும் ஒன்று போட்டிருந்தார். கழுத்தில் கிடந்துவிட்டுப் போகட்டும், மனசுக்கு ஒரு பிடிமானம் என்றுதான் நினைத்தாள். அது சாப்பாட்டு மேசையில் இறங்கி அதிகாரம் பண்ணும் என்று அவள் நினைக்கவில்லை.

மெக்கானிக் அதை நம்பியதிலும் ஒரு நியாயம் இருந்தது. லிஃப்ட் ஓடுகிற இரண்டு இரும்புத் தண்டவாளமும் நேராக நிற்க வேண்டும் என்றால், உச்சி மாடியிலிருந்து கம்பியில் கட்டி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார்கள். அந்தக் கம்பிதான் கணக்கு. சுவர் பொய் சொல்லும், கொத்தனார் பொய் சொல்வார், எஞ்சினியர் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பொய் சொல்வார், தொங்குகிற குண்டு மட்டும் பொய் சொல்லாது. முப்பது வருடம் இதையே பார்த்த மனிதர், கயிற்றில் தொங்குகிற எதைக் கண்டாலும் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் கடைக்கு ஒயர் வந்தான். மெக்கானிக்கோடு வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன். நாற்பது வயதாகியும் உடம்பில் சதை பிடிக்காததால் அந்தப் பெயர். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"உள்ள முழுக்க சிமென்ட் தூசிக்கா. கண்ணுக்கு ஏதாவது சொட்டு மருந்து குடுங்க."

"கண்ணாடி போட்டுக்கிட்டு வேலை செய்யச் சொன்னேன்ல? உங்க அண்ணன் அதெல்லாம் சொல்றதில்லையா?"

"அவர் இப்பல்லாம் வேற ஆளுக்கா. லிஃப்ட்டு மேலயே தியானம் பண்றாருன்னா பாத்துக்குங்க."

மருந்தை எடுக்கப் போன அவள் கை அலமாரியிலேயே நின்றது. "எது மேல?"

"கேபின் கூரை மேலக்கா. பதினாலாவது மாடி. நின்னுக்கிட்டே இருந்தாரு, திடீர்னு உக்காந்துட்டாரு. ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிட்டாரு. பத்து நிமிஷம் இருக்கும். என்னண்ணே ஆச்சுன்னு கேட்டா, 'சத்தம் போடாத, தியானத்துல இருக்கேன்'ங்கறாரு. புதன்கிழமையும் இதே மாதிரிதான்."

"வேர்த்துச்சா?"

"குளிச்ச மாதிரி! உள்ள இருக்கிற சூடெல்லாம் வெளிய போகுதுன்னாரு. பெரிய ஞானியாத்தான் வருவாருக்கா." ஒயர் உண்மையாகவே பெருமைப்பட்டான். "திங்கக்கிழமையிலிருந்து ஆத்தோரம் புதுக் கட்டடம். இருபத்திரண்டு மாடி. உச்சில அண்ணன், கீழ நான்."

அவள் சொட்டு மருந்தை அவன் கையில் வைத்து, ஒரு கண்ணுக்கு இரண்டு சொட்டு என்று மூன்று முறை சொன்னாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவன் போன பிறகும் அவள் அந்த இரண்டு சொட்டு என்பதை இன்னொரு முறை யாருமில்லாத கண்ணாடிக் கதவைப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்காலம் மெக்கானிக் குளிக்கப் போனதும் அவருடைய வேலைப் பையைத் திறந்தாள். ஸ்பேனர், திருப்புளி, கிரீஸ் டப்பா, கையுறை. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய பிஸ்கட் டின்னுக்குள், மூன்று மாத மாத்திரையும் அட்டை அட்டையாக அடுக்கியிருந்தது. ஒன்றுகூடப் பிதுக்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டு, மாத வாரியாகப் பிரித்து, மேலே தேதி எழுதி வைத்திருந்தார். ஏமாற்றுவதைக்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்கிற மனிதரை என்ன சொல்லித் திட்டுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். மேசை மேல் டின் திறந்து கிடந்தது. பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம். அதற்குப் பக்கத்தில் அவள்.

"தூக்கிப் போட மனசு வரல" என்றார், திருடன் சாட்சி சொல்வது போல. "மருந்தாச்சே."

"ரொம்பப் பெரிய மனசு. உக்காருங்க. கையை நீட்டுங்க."

பட்டை புஸ்ஸென்று உப்பி அடங்கியது. மேலே நூற்று எழுபத்தெட்டு, கீழே நூற்று ஆறு.

"நெஞ்சு வலிக்குதா? கண்ணு மங்கலாத் தெரியுதா? கை கால் மரத்துப் போகுதா?"

"ஒண்ணுமில்ல. சில நேரம் லேசா... காத்துல மிதக்கிற மாதிரி."

"பதினாலாவது மாடில மிதக்குறீங்களா? அதுக்குப் பேரு தியானமா?"

ஒயரை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு அவர் இயந்திரத்தைக் குற்றவாளியாக்கினார். "இதுல பேட்டரி போயிருக்கும்." அதோடு விடாமல், சட்டைக்குள்ளிருந்து மணியை எடுத்து இயந்திரத்துக்கு மேலே தொங்கவிட்டார். அது யோசித்தது. இடப்பக்கம் சுற்றியது.

"பாத்தியா!"

"பாத்தேன். இனிமே உங்க மணி பேட்டரி கடைக்கும் போயிட்டு வரட்டும்." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவர் டின்னுக்குள் கையை விட்டார். ஒரு அட்டையை எடுத்து மேசையில் வைத்து, அதற்கு மேலே மணியைப் பிடித்தார். இடம். ஒரு தயக்கமும் இல்லாத, பாகற்காய்க்குச் சுற்றுகிற அதே இடம்.

"நானா சொல்றேன்? அதுவே சொல்லுது. விஷத்தை எத்தனை நாள் விழுங்குறது?"

"நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம்."

"திங்கக்கிழமை வேலை ஆரம்பிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. அவருடைய மேனேஜருக்கு ஒரு போன் போட்டால் போதும், உயரத்திலிருந்து இறக்கிவிடுவார்கள். எண் அவளிடம் இருந்தது. அன்று இரண்டு முறை அதை எடுத்துப் பார்த்தாள். ஆனால் பெண்டாட்டி போன் போட்டு இறக்கிய மெக்கானிக் என்ற பேச்சு வந்தால், அந்த மனிதர் தரையில்கூடத் தலை நிமிர்ந்து நடக்க மாட்டார். ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் பார்ப்பது, அதற்கு மேல் அவர் கோபித்தாலும் சரி என்று முடிவு செய்தாள். கோபித்துக்கொள்ளவாவது ஆள் முழுசாக இருக்க வேண்டும் அல்லவா?

சனிக்கிழமை அவள் கடையிலிருந்து ஐந்து வெறும் கவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அக்காவும் அந்த நேரம் பார்த்துக் கேக்கோடு வந்து சேர்ந்தாள். மாத்திரையம்மா சமையலறைக்குள் போய் ஒவ்வொரு கவரிலும் ஒன்றைப் போட்டு ஒட்டிக்கொண்டு வந்து வரிசையாக வைத்தாள்.

"ஒண்ணுல மாத்திரை இருக்கு. ஒண்ணுல சட்டைப் பொத்தான். மத்ததுல உங்களுக்குப் பிடிச்ச பெப்பர்மின்ட். எது எதுன்னு எனக்கும் தெரியாத மாதிரி கலைச்சிட்டேன். எங்க, விஷத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க."

மெக்கானிக் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். முதல் கவரில் மணி கொஞ்சம் தடுமாறியது. இரண்டாவதில் வலம். மூன்றாவதில் இடம், நல்ல பலமாக. "இதுதான்" என்றார். பிரித்தால் பெப்பர்மின்ட். வலம் சுற்றிய கவரைப் பிரித்தாள். மாத்திரை உருண்டு வந்து கேக்குத் தட்டில் மோதி நின்றது.

"காகிதம் மறைக்குது" என்றார் மெக்கானிக்.

"காகிதம் மட்டுமில்ல" என்று அக்கா ஒத்து ஊதினாள். "நம்பிக்கையில்லாதவ கை பட்ட கவருடா அது. பாவம், மணி என்ன பண்ணும்?"

"அண்ணி, உங்க தம்பி மூணு மாசமாக் கொதிப்பு மாத்திரை போடல. உங்க மணியை நம்பி. நேத்துப் பாத்தா நூத்தி எழுபத்தெட்டு."

அக்காவின் வாயில் பாதி கேக் இருந்தது. அது அங்கேயே நின்றது. "என்னது? நிறுத்திட்டியா? எவன்டா உன்னை நிறுத்தச் சொன்னான்?"

"நீதானேக்கா, உன் முட்டி..."

"முட்டிக்கு நான் மாத்திரையும்தானேடா போடுறேன்! ரெண்டு வேளை! இவ கடையிலதான் வாங்குறேன், கேளு!"

மெக்கானிக் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"கடை ரகசியம்" என்றாள் மாத்திரையம்மா.

"மணி மனசுக்கு, மாத்திரை முட்டிக்கு. இதுகூடத் தெரியாதா உனக்கு?" அக்காவுக்கு இப்போது பயத்தில் குரல் ஏறிவிட்டது. தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தவள் உள்ளே எட்டிப் பார்த்து இன்னொரு முறை அலறினாள். மணி உரசிய இடத்தில், நெஞ்சுக் குழியில், ஒரு வட்டம் சிவந்து தடித்திருந்தது. "இதென்ன கருமம்?"

"நோய் வெளியேறுது. நீதான் போன்ல சொன்ன."

"நான் பாக்காமச் சொன்னேன்டா!"

"அந்தத் தொப்பி ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றாள் மாத்திரையம்மா. "மட்டமான உலோகத்தை வேர்வை உடம்புல போட்டு உரசினா சில பேருக்கு இப்படித்தான் ஆகும். வெளியேறுறது நோய் இல்ல, தோல்."

இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டால் எந்த மெக்கானிக்கும் ஒரு மாதிரி ஆகிவிடுவான். அவர் எழுந்து நின்றார். அக்காவின் முட்டி வேறு, தன் ரத்தம் வேறு என்றார். கவர் ஏமாற்றலாம், ஆட்கள் ஏமாற்றலாம், கண்ணால் பார்த்தது ஏமாற்றாது, மாத்திரைக்கு நேர் மேலே அது இடம் சுற்றுவதை முப்பது தடவை பார்த்திருக்கிறேன் என்றார். பிறகு மீதிக் கேக்கை, மணியைக் கேட்காமலே, எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாத்திரையம்மா தன் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் வந்தது. ஒயர். புதுக் கட்டடத்தில் மறுநாள் வேலைக்கு முன்னேற்பாடு பார்க்கப் போயிருந்தான். மெக்கானிக் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முட்டையை உரித்தார்.

"அண்ணே, ஒரு சிக்கல். மேல் நாலு மாடியும் கோணலா இருக்குண்ணே. தூக்குக்குண்டு விட்டுப் பாத்தேன். ஒரு தடவை வலப்பக்கம் காட்டுது, ஒரு தடவை இடப்பக்கம் காட்டுது."

"அதெப்படி ரெண்டு பக்கமும் காட்டும்? குண்டை எதுல கட்டின?"

"கட்டலண்ணே. சும்மா ஒரு பார்வை பாக்கத்தானே? கையில புடிச்சுக்கிட்டு..."

"கையிலயா!" முட்டை கையிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. "அறிவிருக்காடா உனக்கு? இருபது வருஷமா என்கூட இருந்து என்னத்தக் கத்துக்கிட்ட? கையில புடிச்சா அது குண்டு காட்டுறது இல்லடா, உன் கை காட்டுறது! நீ அசையலன்னு நினைப்ப, உன் கை அசையும். நீ கோணல்னு நினைச்சுக்கிட்டுப் புடிச்சா அது கோணலாத்தான் காட்டும், நேருன்னு நினைச்சா நேரா காட்டும். எந்த முட்டாளாவது கையில புடிச்சுப் பாத்துட்டு அதை நம்பு..."

அங்கே நின்றுவிட்டார்.

"அண்ணே? லைன் கட்டாயிடுச்சா?"

"...பீம்ல கட்டு. அசையாம நிக்கட்டும். அப்புறம் சொல்லு" என்று ரொம்ப மெதுவாகச் சொல்லிப் போனை வைத்தார்.

மாத்திரையம்மா கோட்டின் காலரை அழுத்தித் தேய்த்தாள். பிறகு கைப்பகுதி. பிறகு ஏற்கெனவே தேய்த்த காலரையே மறுபடியும். மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது நோயாளியிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

மெக்கானிக் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். நாற்காலி மேல் ஏறப் போனவரை அவள் ஒரு பார்வை பார்த்தாள். தூக்கிய காலைக் கீழே வைத்துவிட்டார். ஏறாமலே எட்டுகிற ஜன்னல் திரைக் கம்பியில் கயிற்றைக் கட்டினார். அதற்குக் கீழே ஸ்டூலைப் போட்டு மாத்திரை அட்டையை வைத்தார். ஜன்னலைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், இஸ்திரிப் பெட்டியின் ஆவி அடிக்கிறது என்று அதையும் நிறுத்தச் சொன்னார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மணி கொஞ்சம் ஆடியது. ஆட்டம் சுருங்கியது. நின்றது.

அவர் காத்திருந்தார். ஐந்து நிமிடம். அட்டையை எடுத்துவிட்டுக் காப்பியை வைத்தார். நின்றது. குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாகற்காயை எடுத்து வந்து வைத்தார். அந்தப் பச்சை முள் உடம்பைப் பார்த்துக்கூட மணி முகம் சுளிக்கவில்லை.

"பாகற்காய்க்குமா?" என்றார், நெருங்கிய நண்பன் கட்சி மாறியதைப் போல.

"அதை நாளைக்கு வறுத்துடறேன்" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகப் போல்ட்டை இறுக்கிய தடித்த விரல்கள். இவையா தனக்குத் தெரியாமல் தன்னோடு பேசிக்கொண்டிருந்தன? பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"புதன்கிழமை தியானம் இல்ல. பயமா இருந்துச்சு. கீழ பாத்தா ஒயர் ரெண்டு பேராத் தெரிஞ்சான். அவனே ஒரு ஆளுக்குப் பாதி. ரெண்டாத் தெரிஞ்சதும் பயந்துட்டேன்."

அவள் பக்கத்தில் வந்து நின்று, அவர் தலையில் கை வைத்தாள். "டாக்டர் ஞாயித்துக்கிழமையும் நாலு மணிக்கு வருவாரு."

டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிஸ்கட் டின் கதை வந்தபோது மட்டும் பேனாவைக் கீழே வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார், இதயத்துக்கு ஒரு வரைபடம் எடுத்தார், நல்ல வேளை, பயப்படும்படி ஒன்றுமில்லை. அதே மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாம், விட்டதற்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாக முழுங்கக் கூடாது என்றார்.

"மணி போட்டுக்கலாமா டாக்டர்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"தாராளமா. அதுவும் மாத்திரையும் சண்டை போட்டுக்கிட்டதா நான் எந்தப் புத்தகத்துலயும் படிக்கல. அந்தத் தொப்பியை மட்டும் எடுத்துடுங்க. வேலை நேரத்துல கழுத்துல தொங்கவும் விடாதீங்க, உங்க மெஷினுக்கு சாமி தெரியாது. அப்புறம், அடுத்த வாரம் நான் பாத்துச் சொல்ற வரைக்கும் உயரத்துல ஏறக் கூடாது."

அதுதான் மாத்திரையைவிடக் கசந்தது. வீட்டுக்கு வந்து மெக்கானிக் போனைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். மேனேஜரிடம் என்ன சொல்வது? கால் சுளுக்கு என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார், நொண்டிக்கூடக் காட்டினார். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒன்று. மச்சானுக்குக் கல்யாணம் என்று ஒன்று.

"எனக்குத் தம்பியே கிடையாதுங்க" என்றாள் அவள் சமையலறையிலிருந்து.

"அது அவருக்கு எப்படித் தெரியும்?"

"திங்கக்கிழமை நீங்க போகலேன்னா, ஒயர் மேல ஏறுவான். ஏன் அண்ணன் வரலேன்னு கேப்பான். கால் சுளுக்குன்னு சொன்னா, செவ்வாய்க்கிழமை சரியாயிடுச்சான்னு கேப்பாங்க. புதன்கிழமை நீங்களே ஏறிடுவீங்க. எனக்கு உங்களைத் தெரியும்."

அவர் நடையை நிறுத்தினார். எண்ணை அழுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் பேசினார்.

"சார், நான்தான். நாளைக்கு நான் மேல ஏறக் கூடாது சார்... இல்ல, கால்லாம் நல்லாத்தான் இருக்கு. கொதிப்பு மாத்திரையை மூணு மாசமா நானே நிறுத்திட்டேன். கேபின் மேல ரெண்டு தடவை தலை சுத்திடுச்சு... ஆமா சார். தப்புதான்... இல்ல சார், யாரும் சொல்லச் சொல்லல."

அந்தப் பக்கம் வெகு நேரம் திட்டு விழுந்தது. அவர் காதிலிருந்து போனை எடுக்காமல் முழுவதையும் வாங்கிக்கொண்டார். சமையலறையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே பாத்திரம் எதுவும் இல்லை.

அந்த வாரம் முழுவதும் அவரைக் கம்பெனியின் தொலைபேசி அறையில் உட்கார வைத்தார்கள். ஊரில் எந்த லிஃப்ட் பாதியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் அவசர பட்டனை அழுத்தினால், அந்த அறையில் மணி அடிக்கும். சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவர் முழுக்க ஊர் வரைபடம். முதல் நாள் அவர் அதைச் சிறை என்றார். இரண்டாம் நாள், மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள், மூன்று பேரையும் வெளியே எடுத்தோம் என்றார். மூன்றாம் நாள் வீட்டில் அவர் கதை சொல்லி முடிக்கவே வெகு நேரமானது.

வெள்ளிக்கிழமை மதியம் மாத்திரையம்மா கடையிலிருந்து நேராக அங்கே போனாள். அறையின் கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. உள்ளே அவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பேனாவால் வரைபடத்தில் ஒரு இடத்தைத் தொட்டபடி பேசிக்கொண்டிருந்தார். மேசையில் காலியான சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். அவள் கதவை மெல்லத் திறந்தாள்.

"வழக்குப் போடுங்க சார், தாராளமாப் போடுங்க. நீங்க வக்கீல், உங்களுக்குத் தெரியாததா? முதல்ல கதவை உதைக்கிறதை நிறுத்துங்க... இல்ல சார், கீழ விழாது. அதைப் பிடிச்சிருக்கிறது ஒரு கயிறு இல்ல, ஆறு. நானே மாட்டினது... என்னது, மூச்சு முட்டுதா? மேல பாருங்க, சின்ன ஓட்டை ஓட்டையா இருக்கும், காத்து அதுல வருது. கோட்டைக் கழட்டிடுங்க. கீழ உக்காந்துக்குங்க. உக்காந்தா ஒண்ணும் மரியாதை போயிடாது சார், நானே உக்காந்திருக்கேன்."

மாத்திரையம்மா வாசலில் நின்றபடி இரண்டு விரலைச் சேர்த்து வாய்க்குப் போவது போலக் காட்டினாள். புருவத்தை உயர்த்தினாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, அதில் வெள்ளி என்று தானே எழுதி வைத்த இடத்தில் பிதுங்கிக் காலியாக இருந்த குழியைக் காட்டினார். அவள் நம்பாமல் தலையைச் சாய்த்தாள். மூன்று மாதம் ஏமாந்தவள். இடுப்பில் கையை வைத்து அங்கேயே நின்றாள்.

"ஒரு நிமிஷம் சார், லைன்லயே இருங்க. இங்க ஒரு மேலதிகாரி வந்திருக்காங்க" என்றார் மெக்கானிக். வாயை அகலத் திறந்து, நாக்கை நீட்டி, அடியில் ஒன்றும் ஒளிக்கவில்லை என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் தூக்கிக் காட்டினார்.